மாநாட்டுக்கு வருவோர் கவனத்துக்கு

1. எப்படி வந்து சேர்வது

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. ஒரு மொழிபெயர்ப்பு வேலையில் மிஞ்சியது. 1980 பிப்ரவரியில், திருநகரில் எங்கள் பக்கத்து வீட்டு டாக்டர் பாகீரதி, இருபத்து நாலு பக்கத்தில் ஓர் ஆங்கிலச் சிறுபுத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டாள். தாய்-சேய் நலம் பற்றிய சர்வதேச மாநாட்டுக்கு வருகிறவர்கள் எங்கே இறங்குவது, என்ன உடுத்துவது, எத்தனை மணிக்குக் கடை அடைப்பார்கள் என்றெல்லாம் சொல்லும் புத்தகம். “ஸ்யாமளா, நீ இங்கிலீஷ் டீச்சர்தானே? இதைத் தமிழ்ல எழுதிக் குடு. என்கூட வரப்போறவளுக்கு இங்கிலீஷ் தெரியாது” என்றாள்.

வரப்போகிறவள் பெயர் அன்னக்கொடி. சமயநல்லூருக்கு மேற்கே பாகீரதி நடத்திவந்த சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்ற மருத்துவச்சி. எட்டாம் வகுப்புப் படிப்பு, முப்பத்தாறு வயது. அவள் பொறுப்பில் இருந்த ஆறு ஊர்களில் ஏழு வருடமாகப் பிரசவத்தில் ஒரு தாய்கூடச் சாகவில்லை. அது எப்படி நடந்தது என்று அவள் வாயாலேயே கேட்க வேண்டுமென்று குளிர்நாடு ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருந்தது. போகவர டிக்கெட் அவர்கள் பொறுப்பு. (நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். நான் அங்கே போனதில்லை. சொன்னால், போய்வந்த யாராவது அங்கே டிராம் வண்டிக்கு அந்த நிறம் கிடையாது என்று கடிதம் போடுவார்கள்.)

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று முறை முயன்றேன்.

*வைகை இரு கரையும் தொட்டு ஓடிய அந்த மாசி மாதத்தில், அன்னக்கொடி என்னும்*—

வேண்டாம். அந்த மாசியில் வைகையில் மணல்தான் இருந்தது.

*கல்வியறிவற்ற கிராமியச் சமுதாயத்தின் இருளில் ஒளிவிளக்காக*—

இதை நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*அன்னக்கொடி யாரிடமும் சொல்லவில்லை.*

இது சரி. நடந்ததும் இதுதான், வினையும் இதில்தான் இருந்தது.

2. பிரதிநிதிகளின் துணைவியருக்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் அன்னக்கொடி இரண்டு பஸ் மாறித் திருநகருக்கு வருவாள். நான் மொழிபெயர்த்து வைத்திருக்கும் பக்கங்களை விரல் வைத்து வாசித்துவிட்டு, சந்தேகம் கேட்பாள்.

“டீச்சர், கொழாத் தண்ணிய அப்படியே குடிக்கலாம்னு போட்டிருக்கே. நெசமாவா?”

“நிஜமாத்தான் இருக்கும்.”

“அப்பப் பச்சப்பிள்ளைகளுக்கு வயித்தால போறது பாதி கொறஞ்சிருக்குமே” என்று சொல்லி, பென்சிலால் அந்த வரியின் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்றாக உடுத்தவும் என்பதற்கும், ஆறு மணிக்குமேல் கடைகள் இருக்காது என்பதற்கும் கோடு கிடையாது. மின்சாரப் பிளக்கின் முனை அங்கே உருண்டையாக இருக்கும் என்று நான் அரைப் பக்கம் முக்கி முக்கி எழுதியிருந்ததை அவள் வாசிக்கவே இல்லை.

பதினாலாம் பக்கத்தில் சிரித்துவிட்டாள். பிரதிநிதிகள் கூட்டத்தில் இருக்கும் நேரத்தில் அவர்களுடைய மனைவியருக்குப் படகுச் சவாரியும், கண்ணாடித் தொழிற்சாலை பார்ப்பதும் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளன என்று அதில் இருந்தது.

“பிள்ள பெறுறதப் பத்திப் பேசுறது ஆம்பளைக. பெத்தவளுக படகுல போகணுமாக்கும்.”

(இங்கே அவளுடைய கணவனைக் கொண்டுவர வேண்டும். முதல் பிரதியில் மலையாண்டி மீசையை முறுக்கிக்கொண்டு, பொம்பளைக்கு எதுக்குச் சீமை என்று கேட்டான். அப்படி ஒரு கணவன் கதைக்கு வசதி. ஆனால் நான் பார்த்த மலையாண்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: “அங்கிட்டுச் சோறு கெடைக்குமா டீச்சர்?” கிடைக்காது, ரொட்டிதான் என்றேன். அவன் முகம் வாடியது. அவளைத் தடுக்க அவனுக்குத் தோன்றவில்லை. பட்டினி கிடப்பாளே என்றுதான் கவலை. மீசையை அடித்துவிட்டேன்.)

இந்தப் பயணம் பற்றி ஊரில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். காரியம் கைகூடும் முன்னே வாயை விட்டால் கண்பட்டுப் போகும் என்று அன்னக்கொடி பயந்தாள். சினைமாட்டைப் பற்றிக்கூட ஈனும்வரை பேசாத ஊர் அது. பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டதையும் முந்தானைக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு முருகம்மாளுக்குக்கூடத் தெரியாது. முருகம்மாள் மலையாண்டியின் பெரியப்பன் மகனுடைய மனைவி. இரு வீட்டுக்கும் குழம்பு ஒன்றுதான் என்கிற அளவுக்குப் பழக்கம்.

3. தங்குமிடம்

சித்திரை வெயிலில் ஒரு பகல். அன்னக்கொடி அடுத்த ஊருக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏட்டு வெள்ளைத்துரை தெருவுக்குள் வந்தார். பாஸ்போர்ட் கேட்கிறவர்கள் சொன்ன விலாசத்தில்தான் இருக்கிறார்களா என்று போலீஸ் வந்து விசாரிப்பது வழக்கம். வெயில் காரணமோ பழக்கமோ, அவர் எதற்காக வந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

“அன்னக்கொடிங்கிறது யாரு?”

முருகம்மாள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

(அந்தத் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை. போலீஸ் ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இல்லை என்பதுதான் அங்கே மனிதருக்கு மனிதர் செய்கிற மரியாதை. இருக்கிறார் என்று சொல்லிய ஒருவரும் பிறகு அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடந்ததில்லை. காரணங்கள் பழையவை, நியாயமானவை. இந்தக் கதைக்கு அவ்வளவு போதும்.)

“அப்படி ஒருத்தி இருந்தா ஏட்டையா. கல்யாணம் முடிச்சு பம்பாய் போயி பத்து வருசமாச்சு.”

எதிர் வீட்டில் கேட்டார். அங்கே பன்னிரண்டு வருடம் என்றார்கள். மூன்றாவது வீட்டில், அவளுக்கு அங்கே இரண்டு பிள்ளை என்றும் தகவல் கிடைத்தது. அந்த நேரம் பார்த்து மலையாண்டி மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். முருகம்மாள் கண்ணைக் காட்டினாள். மதினி கண்ணைக் காட்டினால் காரணம் கேட்கிற ஆள் அவன் இல்லை.

“நீ யாருப்பா?”

“நான் மாடு பாக்க வந்தவன். வெளியூரு” என்றான் மலையாண்டி, தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு.

ஏட்டு எழுதிக்கொண்டு போனார். முருகம்மாள் தெருவைக் கூட்டி, இதை ஒரு சொல் அன்னக்கொடியிடம் மூச்சு விடக்கூடாது என்று கட்டளை போட்டாள். எந்த ஊர்ப் பிரசவத்தில் என்ன வம்போ, தெரிந்தால் அவள் பயந்துபோய் வெளியே கால் வைக்க மாட்டாள் என்று எண்ணம். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் வரும் என்று மலையாண்டிக்குத் தெரியாது. மனைவி மேல் ஏதோ கேசு என்று நினைத்து மூன்று மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் அவர்களிடம் ஒன்றை மறைத்தாள், அவர்கள் அவளிடம் ஒன்றை மறைத்தார்கள். இரண்டும் பாசத்தால்தான்.

4. மனு நிராகரிக்கப்பட்டால்

(சிறுபுத்தகத்தில் இப்படி ஒரு தலைப்பே கிடையாது. அவர்கள் அதை யோசிக்கவில்லை. நான் சேர்த்தது.)

ஆனி கடைசியில் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் கொண்டுவந்தாள். மாநாட்டுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட முழுசாக இல்லை. நான் வாசித்துச் சொன்னேன். மனுதாரர் மேற்படி விலாசத்தில் வசிக்கவில்லை, பல ஆண்டுகளுக்கு முன்பே பம்பாய் சென்றுவிட்டதாக விசாரணையில் தெரிகிறது, ஆகவே மனு முடிக்கப்படுகிறது.

“பம்பாயா?” என்றாள். “நான் மானாமதுரையத் தாண்டுனதில்லையே டீச்சர்.”

திரும்பிப் போகும் பஸ்ஸில் அவள் அழுதாள். போகாவிட்டால் என்ன என்றுதான் ஐந்து மாதமும் சொல்லிக்கொண்டிருந்தாள். போக வேண்டும் என்று தனக்கு எவ்வளவு ஆசை என்பது அந்த ஜன்னலோரத்தில்தான் அவளுக்கே தெரிந்தது. பார்க்கிற ஆசையைவிட, சொல்கிற ஆசை. ஏழு வருடமாகச் செய்ததை நாலு பேர் உட்கார்ந்து கேட்பார்கள் என்பது அவள் வாழ்க்கையில் அதுவரை நடக்காத விஷயம்.

வீட்டுக்கு வந்து முருகம்மாளிடம் கடிதத்தைக் காட்டிச் சொன்னாள். முருகம்மாள் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“பம்பாய்னு சொன்னது நாந்தேன் தாயி. ஒன்னயப் பிடிச்சிட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சேன். சீமைக்குப் போறத எங்கிட்ட ஏன் சொல்லல?”

“கண்ணு பட்ரும்னு அக்கா...”

“எங் கண்ணா?”

அன்னக்கொடி கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். (இந்த இடத்தில் எட்டு வரி ஆறுதல் எழுதி, எட்டையும் அடித்தேன்.)

மறுநாள் காலை முருகம்மாள் குளித்து, நல்ல சேலை உடுத்தி, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். ஐம்பது வயதுவரை அந்தக் கட்டடத்தின் நிழலைக்கூட மிதிக்காதவள். அவள் போகிறாள் என்றதும் தெருவில் இன்னும் இருபத்து மூன்று பெண்கள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். எட்டு மாதம் முடிந்தவர்கள் வரவேண்டாம் என்று அன்னக்கொடி சொன்னாள். ஆறு மாதம்தான் ஆகிறது என்று இருளாயி வயிற்றைத் தடவிக்காட்டி வந்தாள். கடைசியில் மலையாண்டியும் வந்தான்.

“பம்பாய்ல இருக்கான்னு சொன்னது நீதானே?” என்றார் வெள்ளைத்துரை.

“நாந்தேன் ஏட்டையா. பொய்தேன்.”

“போலீஸ்கிட்டப் பொய் சொன்னா என்ன ஆகும் தெரியும்ல?”

“தெரிஞ்சுதேன் வந்திருக்கேன். எம்மேல என்ன வேணாலும் எழுதிக்கோங்க. அவ இங்கனக்குள்ளதேன் இருக்கான்னு மட்டும் எழுதிருங்க.”

“இம்புட்டுப் பேரும் எதுக்கு?”

“எல்லாம் அவ எடுத்த பிள்ளைக. நாங்க பொய் சொல்லுவோம். பிள்ளைக இருக்குறது பொய்யா?”

ஏட்டின் பார்வை மலையாண்டி மேல் நின்றது. “நீ மாடு பாக்க வந்தவன்ல?”

“ஆமாய்யா” என்றான் மலையாண்டி. பிறகு சுதாரித்துக்கொண்டு, “இவ வீட்டுக்காரன்” என்றான்.

(ஏட்டைக் கெட்டவராக எழுத எனக்கும் கை அரித்தது. ஆனால் அவருடைய சிக்கலும் சிக்கல்தான். தான் எழுதியது தப்பு என்று தானே எழுத வேண்டும். அதை அவர் வாய்விட்டும் சொன்னார். “நானே ஒத்துக்கிட்டேன். ஒங்களுக்கு என்ன ஏட்டையா?” என்றாள் முருகம்மாள். அவர் பேனாவைத் திறந்தார்.)

ஆவணி மூன்றாம் தேதி பாஸ்போர்ட் வந்தது.

5. நுழைவு அனுமதி

சிறுபுத்தகத்தின் கடைசிக்கு முந்தைய பக்கம். *பார்வையாளர் தம் நாட்டுக்குத் திரும்புவார் என்பதற்குப் போதிய ஆதாரம் காட்ட வேண்டும். சொத்து, வங்கிக் கணக்கு, நிரந்தர வேலை முதலியன.*

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருக்கின்றன, இரண்டையும் காட்டிவிடுகிறேன்.

(அ) புறப்படும் காலையில் இருளாயிக்கு இடுப்புவலி கண்டுவிடுகிறது. அன்னக்கொடி ரயிலைத் துறந்து திரும்பி ஓடுகிறாள். வாசகர் கண்கலங்க— இல்லை. ஒரு பெண் ஊரைவிட்டுக் கிளம்பினாலே யாருக்காவது நோவைக் கொடுத்து அவளை வீட்டுக்கு இழுத்துவருவது கதை எழுதும் எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம்.

(ஆ) மேடை, விளக்கு, பட்டுச்சேலை, அரங்கம் எழுந்து நின்று— இதுவும் இல்லை. நான் பார்க்காத அரங்கம்.

நடந்தது இது. ஆவணி நடுவில் பாகீரதியும் அவளும் வைகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போனார்கள். மறுநாள் காலை அந்த நாட்டு அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி. காகிதங்களைப் புரட்டினார். வீடு மாமனார் பேரில். நிலமும் அப்படியே. தர்ம ஆஸ்பத்திரியில் கொடுப்பது சம்பளமல்ல, கைச்செலவுக்கு. நீங்கள் திரும்பிவிடுவீர்கள் என்று நான் எதை வைத்து நம்புவது என்று கேட்டார். பாகீரதி மொழிபெயர்த்தாள். அன்னக்கொடி யோசிக்காமல் பதில் சொன்னாள்.

“ஐயா, எங்க ஊர்ல இருளாயின்னு ஒரு பிள்ள. மொதப் பிள்ள தங்கல. இது ரெண்டாவது. பொரட்டாசி பத்து அவளுக்கு நாளு. எங்க ஊருகள்ல நான் ஏழாம் மாசமே வண்டி சொல்லி வச்சிருவேன். நோவு கண்டு கோளாறுன்னா ஆஸ்பத்திரிக்கு எந்த வண்டி பூட்டணும், அந்த மாடு படுத்திருச்சுன்னா அடுத்து எந்த வண்டி, வாய்க்கால்ல தண்ணி வந்தா எந்தப் பாதைன்னு வீட்டுக்கு வீடு பேசி முடிச்சிருவேன். இருளாயிக்குச் சோணையோட வண்டி. அது இல்லாட்டிக் கருப்போட வண்டி. ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கெடையாது. நான் போயி நின்னாத்தேன் ஒருத்தன் வண்டிக்கு இன்னொருத்தன் மாடு தருவான். நான் வராம எப்படிங்கய்யா?”

மாநாட்டில் சொல்ல வைத்திருந்தது முழுவதும் இதுதான். ஏழு வருடம் ஒருத்தியும் சாகாததன் ரகசியத்தை அந்த மேசையிலேயே சொல்லிவிட்டாள்.

அதிகாரி அதன்பின் என்ன செய்தார் என்று பாகீரதி என்னிடம் சொன்னாள். நான் எழுதப்போவதில்லை. அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைக்கிறேன். எதிரே அன்னக்கொடி, மடியில் ஒரு மஞ்சள் பை. அவள் பேரில் வீடு இல்லை, நிலம் இல்லை. திரும்பி வருவாள் என்பதற்கு இருளாயியின் வயிற்றைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. முத்திரை உங்கள் வலது கைப்பக்கம் இருக்கிறது.

ஒரே ஒரு தகவல் தருகிறேன். இருளாயிக்குப் புரட்டாசி ஒன்பதாம் தேதி பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளையை எடுத்தது அன்னக்கொடிதான்.

இதைத் தெரிந்துகொண்டு முத்திரை குத்துவது யாருக்கும் சுலபம். அன்று அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும். குத்துங்கள்.