நாலு நாள் தோள்வலி

முடிச்சூரில் ஏரியை ஒட்டிய குடும்ப நிலத்தை மனை போட்டு விற்றுவிட வேண்டும் என்று தட்சிணாமூர்த்தி ஒற்றைக்காலில் நின்றான். அண்ணன் துளசிங்கம் கையெழுத்துப் போட மறுத்தான். நாற்பத்தாறு வயசுதான் அவனுக்கு. முடக்குவாதம் வந்து பதினோரு வருஷமாகியிருந்தது. விரல்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து, மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஆடி மாசம் ஒரு காலையில் தட்சிணாமூர்த்தி நாலு ஆட்களோடு வந்து நிலத்திலிருந்த மோட்டார் ரூமை இடிக்க ஆரம்பித்தான். சுவர் விழுந்த சத்தம் வீடுவரை கேட்டது.

கூரையில் செருகியிருந்த அரிவாளைத் துளசிங்கம் உருவினான். விரல் மடங்கவில்லை. அரிவாள் கீழே விழுந்தது. மறுபடி எடுத்தான், மறுபடி விழுந்தது.

"கட்டுடி," என்றான் மனைவி சாமுண்டீஸ்வரியிடம்.

"இன்னாய்யா சொல்ற?"

"கையோட சேத்துக் கட்டு. சீக்கிரம்."

அவளுக்கும் ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. துண்டைக் கிழித்து, அரிவாள் பிடியோடு அவன் விரல்களைச் சேர்த்து இறுக்கினாள். வலியில் பல்லைக் கடித்தான். முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது. அதை அவள் கோபம் என்று நினைத்தாள்.

காலை இழுத்து இழுத்து ஓடினான். அவளும் பின்னால் ஓடினாள்.

தம்பி திரும்புவதற்குள் அரிவாள் இறங்கியது. தோளிலிருந்து முழங்கைவரை சதை பிளந்தது. ரத்தம் செங்கல்மேல் தெறித்தது. தட்சிணாமூர்த்தி அலறிக்கொண்டே கடப்பாரையைச் சுழற்றினான். அண்ணனின் காறையெலும்பு முறிந்தது. துளசிங்கம் விழவில்லை. கட்டிய கையை மறுபடி ஓங்கினான். ஓங்கிய கை பாதியில் நின்றது. இடது கையால் நெஞ்சைப் பிடித்தான். முகம் சாம்பல் பூத்து, குப்புற விழுந்தான்.

ஆட்கள் ஓடிவிட்டார்கள். சாமுண்டீஸ்வரி ஒரு செங்கல்லை எடுத்துக் கொழுந்தனின் மண்டையில் அடித்தாள். ஊர்க்காரர்கள் வந்து பிடித்து இழுக்கும்வரை அடித்தாள்.

துளசிங்கத்தின் உடலை அறுத்துப் பார்த்த டாக்டர் அருள்மேரி பிணக்கிடங்கு வாசலில் அவளைக் கூப்பிட்டார்.

"எலும்பு உடைஞ்சிருக்கும்மா. ஆனா உயிர் போனது அதனால இல்ல. இதயத்துக்கு ரத்தம் போற குழாய் அடைச்சிருக்கு. இதயத்தோட ஒரு பக்கத் தசை மூணு நாலு நாளைக்கு முன்னாடியே செத்துப்போச்சு. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாரா?"

"நெஞ்சு இல்லம்மா. எடது தோளு, தாடை. நாலு நாளா சொல்லிகினே இருந்தாரு. எப்பவும் வர்ற மூட்டு வலிதானேன்னு தைலம் தேச்சேன்."

"முடக்குவாதம் மூட்டோட நிக்காதும்மா. மூட்டை வீங்க வெக்கிற அதே கோளாறு ரத்தக் குழாயையும் உள்ளுக்குள்ள கெடுக்கும். இவங்களுக்கு மாரடைப்பு மத்தவங்களைவிட அதிகமா வருது, சின்ன வயசுலயே வருது. மூட்டு வலியோட கலந்துட்டா யாருக்கும் தெரியறதில்ல."

"இத்தினி வருசமா மாத்திரை எய்தித் தந்தவங்க ஒருத்தரும் சொல்லலியே!"

அருள்மேரி ரிப்போர்ட் எழுத உள்ளே போனார்.

வெளியே இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னார்: "தோள்வலி கதையெல்லாம் கோர்ட்ல எடுக்காதம்மா. கடப்பாரையால அடிச்சான், செத்தாரு. அவ்ளோதான். ரிப்போர்ட்டை நம்ம சர்க்கார் வக்கீல் பாத்துப்பாரு."

அவளும் அதைத்தான் விரும்பினாள். கொழுந்தன் தூக்கில் தொங்குவதை இரண்டு வருஷம் தினமும் நினைத்துப் பார்த்தாள். கோர்ட்டில் சாட்சிக் கூண்டேறியபோது எதிரே அவன் நின்றான். வெட்டுப்பட்ட கை செத்த பாம்பு மாதிரி தொங்கியது. இன்னொரு கையையும் பிடுங்கி எறியலாம் போலிருந்தது அவளுக்கு.

"சண்டைக்கு முன்னாடி உன் புருஷனுக்கு உடம்புக்கு ஏதாவது இருந்துச்சா?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

"நாலு நாளா தோள் வலிக்குதுன்னாரு," என்றாள். அரிவாளைக் கட்டிவிட்டதையும் சொன்னாள்.

அவள் சொன்னதும் டாக்டர் ரிப்போர்ட்டும் பொருந்தியதால் கொலை வழக்கு நிற்கவில்லை. அடித்து எலும்பை முறித்ததற்கு தட்சிணாமூர்த்திக்கு மூன்று வருஷம் ஜெயில் என்று தீர்ப்பானது.

வெளியே தட்சிணாமூர்த்தியின் மனைவி பொன்னியம்மாள் ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, என் தாலிய காப்பாத்திட்டக்கா."

சாமுண்டீஸ்வரி தள்ளிய தள்ளில் அவள் தரையில் விழுந்தாள்.

"வுட்றி கைய! ஒம் புருஷன் இப்ப செத்தாலும் எனக்கு சந்தோசம். எம் புருஷன் வலிக்குது வலிக்குதுன்னாரு. நான் காதுல வாங்கல. அப்படி ஒரு வலியே இல்லன்னு வேற நான் சொல்லணுமா?"

பொன்னியம்மாள் எழுந்து முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். சாமுண்டீஸ்வரி திரும்பிப் பார்க்காமல் தாம்பரம் பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.