வெடிப்பின் மேல் ஒட்டிய கண்ணாடி

பிரதீசுக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. கண்டிச் சந்தையில் மூட்டை இறக்குகிற முரடர்கள்கூட அவனிடம் வாயைக் கொடுக்க மாட்டார்கள். அப்பேர்ப்பட்டவன் மூன்று மாதமாக யார்மீதும் கை வைக்கவில்லை. பதினோரு வருஷம் வாடகை வீடுகளில் கூனிக் குறுகிக் கிடந்தவனுக்குச் சொந்த வாசல் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

வீடு கண்டிக்குப் பக்கத்திலுள்ள கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, மலைச்சரிவை வெட்டிக் கட்டியது. விற்பவர் கணேஸ், பலசரக்குக் கடைக்காரர், வாயில்லாப் பூச்சி. சமைக்கிற குசினியின் சுவரில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதைப் பரிசோதிக்கப் பிரதீஸ், கட்டட வேலை மேற்பார்த்து ஓய்வுபெற்ற பாரூக்கைக் கூட்டி வந்தான். பாரூக் வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சீமெந்து வைத்து ஒட்டி, ஈரச் சீமெந்தில் ஆணியால் திகதியைக் கீறினார்.

"மலை அசைஞ்சா இது உடையும் தம்பி. உடையாட்டி தைரியமா வாங்குங்க. ஒரு மாசம் பொறுங்க."

அன்றைக்கு அவன் மனைவி சுபாஜினி வேலைக்குப் போயிருந்தாள். இந்த விளக்கம் ஒன்றையும் பிரதீஸ் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. அவளுக்கு என்ன விளங்கப்போகிறது என்பது அவன் நினைப்பு.

மாதம் முடிந்த ஞாயிறு காலை பிரதீஸ், சுபாஜினி, கணேஸ், பாரூக் நாலு பேரும் குசினியில் நின்றார்கள். கண்ணாடி முழுசாக இருந்தது. பிரதீசுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. பாரூக் மட்டும் குனிந்து, சீமெந்தை விரலால் தடவினார்.

"இது நான் வெச்ச கண்ணாடி இல்ல தம்பி. என்ட திகதிய காணல்ல. ஆரோ மாத்தீக்கிறாங்க."

பிரதீஸ் கணேஸைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். முதல் குத்து வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று தரையில் தெறித்தது.

"சாமி சத்தியமா நான் தொடல தம்பி," என்றார் கணேஸ், வாயைப் பொத்திக்கொண்டு.

"என் குடும்பத்த மண்ணுக்குள்ள புதைக்கப் பாத்தியாடா?"

சட்டையைப் பிடித்து இழுத்து அவர் தலையைச் சுவரில் மோதினான். ஒருமுறை, இன்னொருமுறை. சுண்ணாம்பு உதிர்ந்தது, வெள்ளைச் சுவரில் இரத்தம் வழிந்தது. பின்னாலிருந்து கட்டிப்பிடித்த பாரூக்கின் விலாவில் முழங்கையால் இடித்தான். பாவம், அந்த வயசாளி மூச்சுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூலையில் மண் தோண்டுகிற கனத்த இரும்பு அலவாங்கு ஒன்று சாத்தியிருந்தது. பிரதீஸ் அதைத் தூக்கினான். தலையைக் காக்கக் கணேஸ் கையை உயர்த்தினார். இரும்பு அந்தக் கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

இரண்டாம் தடவை ஓங்கியபோது சுபாஜினி ஓடிவந்து கணேஸின்மேல் விழுந்தாள்.

"அவர விடுங்க. நான்தான் மாத்துனேன்."

அலவாங்கு அந்தரத்தில் நின்றது.

"போன வெள்ளிக்கிழம இவர்கிட்ட சாவி வாங்கிட்டு வந்து கழுவி விளக்கு வச்சேன். கண்ணாடி ரெண்டா உடைஞ்சு கெடந்துச்சு. குடிபோற வீட்ல உடைஞ்ச கண்ணாடி இருந்தா தரித்திரம்னு, கீழ்வீட்டு மேசனக் கூப்பிட்டுப் புதுசு ஒட்டச் சொன்னேன். அது எதுக்குன்னு எனக்கு யாரு சொன்னா?"

ஆக, கண்ணாடி உடைந்துதான் இருந்தது. மலை நகர்கிறது. அந்த வீட்டில் இனி யாரும் குடியிருக்க முடியாது. கணேஸ் தரையில் சுருண்டு முனகிக்கொண்டிருந்தார். குற்றமில்லாத மனுஷனைக் கொல்லப் பார்த்துவிட்டோமே என்று நினைத்தபடி பிரதீஸ் அலவாங்கைத் தாழ்த்தினான்.

"பாரூக் ஐயா, கண்ணாடி வேறன்னு சொன்னப்பவே வாயத் தொறந்திருக்கலாமேடி," என்றான்.

சுபாஜினி சேலைத் தலைப்பைக் கிழித்துக் கணேஸின் தலையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தொறந்திருந்தா அந்த மொத அடி எனக்குல்ல விழுந்திருக்கும்."

பாரூக் விலாவைப் பிடித்தபடி அம்புலன்சுக்கும் பொலிசுக்கும் போன் பண்ணினார். அம்புலன்ஸ் வந்ததும் கணேஸோடு சுபாஜினியும் ஏறிக்கொண்டாள். பிரதீஸ் அலவாங்கோடு வாசற்படியில் உட்கார்ந்து பொலிசுக்குக் காத்திருந்தான்.