சூசிக்காக ஒரு மன்றாட்டு

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோம் என்று பக்கத்து வீட்டுப் பாக்கியத்திடம் சொல்லிவிட்டுத்தான் எஸ்தர் டீச்சர் ஆட்டோவில் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை. வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி மடியில் வைத்திருந்தாள். அவளுக்கும் கணவர் ஜூடுக்கும் நடுவில் கல்யாணப் பெண் சூசி உட்கார்ந்திருந்தது. இரண்டு வயது ராஜபாளையம். பொட்டுக் கறுப்பு இல்லாத வெள்ளை, ரோஸ் மூக்கு. விளாங்குடியிலிருந்து கீழக்குயில்குடி போகிறவரை எதிரே பைக்கில் வந்தவர்களில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜூடு ஏதோ தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்பதுபோலத் தலையசைத்துக்கொண்டே வந்தார்.

சூசியைக் குட்டி போட விடுவதா வேண்டாமா என்று ஆறு மாதமாக வீட்டில் பேச்சு. மகள் ஜெனி நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போனதிலிருந்து, மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சுவர்க் கடிகாரச் சத்தம் கேட்கிற அளவுக்கு வீடு அமைதியாகிவிட்டது. ஹால் முழுக்க எட்டுக் குட்டிகள் உருண்டு புரள வேண்டும் என்று எஸ்தருக்கு ஆசை. சும்மா ஆசையில்லை, பேராசை. யார் அள்ளிக் கொட்டுவது, யார் பால் ஊற்றுவது என்று ஜூடு இழுத்தடித்தார். போன மாதம் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டு முறை. தெருவில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பது வழக்கம். ஆளுக்கொரு மன்றாட்டு சொல்ல வேண்டும். ஒருத்தி மகன் வேலைக்காகச் சொன்னாள், ஒருவர் மூட்டுவலிக்காகச் சொன்னார். எஸ்தர் முறை வந்தபோது, "எங்கள் சூசி நல்லபடியாகக் குட்டிகள் ஈன வேண்டுமென்று" என்று சொல்லிவிட்டாள். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்புறம் ஜூடு எங்கே வாய் திறப்பது. காபி குடித்து முடிப்பதற்குள் குட்டிகளுக்குச் சொந்தக்காரர்களும் கிடைத்துவிட்டார்கள். பாக்கியத்துக்கு ஒன்று, தலைமையாசிரியைக்கு ஒன்று, சமயநல்லூரிலிருந்து வரும் பால்காரர் கண்ணுச்சாமிக்கு ஒன்று. பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். எஸ்தர் பங்கே பிரித்துவிட்டாள்.

மாப்பிள்ளை வீடு மலையடியில் இருந்தது. நாலு தென்னை, இருபது ஆடு, ஓட்டு வீடு. வீட்டுக்காரி தங்கப்பொண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். கை கழுவிய ஈரத்தோடு வந்து கும்பிட்டாள். பாலாக வெளுத்த மாப்பிள்ளைக்கு இட்ட பேர் கருப்பன். சாமி பேராம். ஆட்டோ நின்றதிலிருந்து அது குரைத்த குரைப்பில் ஆடுகள் எல்லாம் வேலியோரம் ஒதுங்கிவிட்டன. சூசி அதைப் பார்த்துவிட்டு, எனக்கென்ன என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் சுபாவமே அப்படித்தான் என்று ஜூடு பெருமையாகச் சொன்னார். அவர் வண்டி தெருவில் இடப்பக்கம் வரும்போதே கேட்டுக்கு ஓடிவரும். ஆனால் வலப்பக்கம் எட்டிப் பார்த்து நிற்கும். சில நாள் இலை விழுந்தால் எழுந்துவிடும், சில நாள் குக்கர் விசில் அடித்தாலும் அசையாது. எல்லாம் ஒரு பந்தா என்று சொல்லிச் சிரித்தார்.

தங்கப்பொண்ணு சிரிக்கவில்லை. எஸ்தர் அதைக் கவனிக்கவில்லை. அவள் பார்வை ஆட்டுக்கொட்டகையின் பின்னால் போயிருந்தது. அங்கே இன்னொரு வெள்ளை நாய் சங்கிலியில் கட்டிக் கிடந்தது. இத்தனை களேபரத்திலும் அது தலை தூக்கவில்லை.

"அது ஏன் சத்தமே காட்டாமக் கெடக்கு?"

தங்கப்பொண்ணு கொஞ்சம் தயங்கினாள். "அது நம்ம கருப்பன் மகன்தான் டீச்சரு. அதுக்குக் காது கேக்காது. பின்னாடி போய்த் தொட்டா பதறிக் கடிச்சுப்புடும். கோவமில்ல, பயம். கூடப் பெறந்தது ஒண்ணும் அப்படித்தான் இருந்துச்சு. தெரியாம ஒருத்தவுகளுக்குக் குடுத்துட்டேன். பஸ்ஸுக்காரன் பின்னாடியே ஹாரன் அடிச்சிருக்கான். அது பாட்டுக்கு நடுரோட்டுல நடந்து போயிருக்கு."

பிறகு அவள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். "சுத்த வெள்ளையில எந்தப் பொட்டை வந்தாலும் காதப் பாத்துட்டுத்தான் விடுறது. தப்பா நெனைக்காதீக. ஒரு பழத்தக் காட்டி மொகத்த இங்கிட்டே வச்சிருங்க."

எஸ்தர் வாழைப்பழத்தை உரித்துக் காட்டினாள். தங்கப்பொண்ணு பின்னால் போய் வலப்பக்கம் சாவியை ஆட்டினாள். சூசி வலப்பக்கம் திரும்பியது. இடப்பக்கம் ஆட்டினாள். சூசி அப்போதும் வலப்பக்கமே திரும்பி, அங்கே யாரையும் காணாமல் விழித்தது. கடைசியாக வலது காதை உள்ளங்கையால் மெல்லப் பொத்திக்கொண்டு இடது காதுக்குப் பக்கத்திலேயே கலகலவென்று ஆட்டினாள். சூசி பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு காதுதான் கேக்குது" என்றாள் தங்கப்பொண்ணு. "அதனால இதுக்கு ஒரு கொறையும் வராது, ராசாத்தியா இருக்கும். குட்டிகளுக்குத்தான் சொல்றேன். ரெண்டும் சுத்த வெள்ளை. எட்டுப் போட்டா ரெண்டோ மூணோ அதோ அது மாதிரி ஆகலாம். ஆகாமயும் போகலாம். யோசிச்சுட்டு, விடணும்னா கூட்டியாங்க. நான் வேணாம்னு சொல்லல."

கொண்டுபோன பழத்தை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். ஆட்டோவில் எஸ்தர் சூசியின் இடது காதைத் தடவிக்கொண்டே வந்தாள். மற்றக் காதைப் போலவே அதுவும் வெதுவெதுப்பாக, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. இரண்டு வருடமாகத் திமிர் பிடித்த கழுதை என்று எத்தனை தடவை திட்டியிருப்பாள். கூப்பிட்டதற்கு வரவில்லை என்று ஒருநாள் சோறுகூட வைக்கவில்லை. அதை நினைத்ததும் அழுகை வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"வர்ற குட்டில கேக்காதத நாமளே வச்சுக்குவோம்" என்றார் ஜூடு. ஆறு மாதம் இழுத்தடித்தவர் இப்போது அவளுக்காக வக்காலத்து வாங்கினார்.

"மூணு வந்தா?"

பாலம் தாண்டியதும், "அந்தக் கொட்டகை நாய்க்கு என்ன பேரு, கேட்டியா?" என்றார்.

"கேக்கல."

"வச்சிருக்க மாட்டாங்க. வச்சா மட்டும் எப்படிக் கூப்பிடுறது."

அந்த வாரம் முழுவதும் எஸ்தருக்கு அதே யோசனை. எட்டாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறவள் அவள். நாணயம் சுண்டுவாள், பகடை உருட்டுவாள், எட்டில் மூன்று என்று கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாள். ஆனால் நாணயத்துக்குப் பின்னால் எந்த பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டு வருவதில்லை. கண்ணுச்சாமி வீடு நாலுவழிச் சாலையை ஒட்டியே இருக்கிறது. தலைமையாசிரியை வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள். எதையும் பின்னாலிருந்து வாலைப் பிடித்து இழுக்கிற வயசு. மனசுக்குள் ஒவ்வொரு குட்டியாக ஒவ்வொரு வீட்டிலும் கொண்டுபோய் விட்டுப் பார்த்தாள். எந்த வீட்டிலும் விட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்ப முடியவில்லை. ஆசை மட்டும் போகவில்லை. ஹாலைக் கூட்டும்போதெல்லாம் இந்த மூலையில் சாக்கு விரித்திருக்கலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

இதற்கிடையில் வீட்டில் சில பழக்கங்கள் மாறின. ஜூடு வண்டியை நிறுத்திவிட்டு கேட்டுக்கு நேரே வந்து நின்று கையை ஆட்டினார். எஸ்தர் சூசியின் வலப்பக்கமாகவே நடந்தாள். தூங்கும்போது எந்தக் காது தரையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, தேவையானால் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினாள். ஜெனியிடம் போனில் சொன்னபோது அவள் "சூசிய வீடியோல காட்டும்மா" என்றாள்.

இந்த மாத அன்பியம் பாக்கியத்தின் வீட்டில். அன்பியப் பொறுப்பாளரும் பாக்கியம்தான். ஒரு மன்றாட்டையும் மறக்கிறவள் இல்லை. செபம் தொடங்குமுன்பே, "என்ன டீச்சர், மாப்பிள்ளை வீடு பிடிச்சுதா? எனக்குப் பொட்டைக் குட்டிதான் வேணும், சொல்லிட்டேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தரும் சிரித்துவைத்தாள். ஜூடு தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டிக்கொண்டதைத் திரும்பப் பெற என்ன செபம் இருக்கிறது என்று எஸ்தருக்குத் தெரியவில்லை.

மூட்டுவலிக்காரர் மூட்டுவலிக்காகவே மறுபடியும் சொன்னார். மகனுக்கு வேலை கிடைத்தவள் நன்றி சொன்னாள். அடுத்து எஸ்தர். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"எங்கள் சூசிக்காக. குட்டிகள் வேண்டாம் ஆண்டவரே. அது மட்டும் எங்களோடு நெடுநாள் சுகமாக இருக்க வேண்டுமென்று..."

பாக்கியம் தலை நிமிர்ந்து எஸ்தரைப் பார்த்தாள். பிறகு, கேட்க வேண்டியதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பதுபோல அவளே முதலில் தொடங்கினாள். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஜன்னல் வழியாகத் தங்கள் வீட்டு கேட் எஸ்தருக்குத் தெரிந்தது. தெருவைப் பார்த்தபடி, பாக்கியத்தின் வீடு தன் இடப்பக்கம் இருக்க, கம்பிக்குப் பின்னால் சூசி உட்கார்ந்திருந்தது. எஸ்தரின் குரல் அதற்குக் கேட்டிருக்க வேண்டும். எழுந்து நின்று, ஆளில்லாத வலப்பக்கத் தெருவைப் பார்த்து, இதோ வந்துவிட்டாள் என்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.