சீமோனின் தவக்காலம்

1.

இந்தக் கதையில் பாதி எனக்குச் சொந்தமில்லை. மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, ஸ்ரீரங்கத்தில் ஒரு கால்நடை மருத்துவரின் அறைக்கு வெளியே, என் பூனைக்குத் தடுப்பூசி போடக் காத்திருந்தபோது ஒட்டுக்கேட்டது. அந்தக் கதவு சரியாகச் சாத்தாது. காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு நான் நல்லவனும் இல்லை. மீதிப் பாதி என் கைச்சரக்கு. உள்ளே இருந்த அம்மாளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. லூர்துராணி என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘காவிரிப் பாலத்தில் வெயில் சாய்ந்துகொண்டிருந்த வேளையில் ஒரு ஆட்டோ...’ (வேண்டாம். காவிரிக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.)

மறுபடி: ‘சீமோன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.’

இது இருக்கட்டும்.

2.

சீமோன் ஆறு வயது ஆண் பூனை. மீன் என்றால் உயிரை விடுவான் என்பதால் இயேசுவின் மீனவச் சீடரின் பெயர். வீடு காட்டூரில், மூன்றாவது மாடி. லூர்துராணிக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை. பூனை தவறி விழுந்துவிடக் கூடாது என்று ஜன்னல், பால்கனி எல்லாவற்றுக்கும் வலை அடித்தவள் அவள். தடுப்பூசித் தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டு வைப்பவள். அவள் பூனை வளர்ப்பதில் குறை சொல்ல யாராலும் முடியாது, தவக்காலம் வரும்வரை.

சகாயநாதனின் கழுத்தில் இருந்த கட்டி ஒரு... (உவமை தேடினேன். கட்டி கட்டிதான்.) சகாயநாதன் அவள் கணவர். சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். தெளிவாக இல்லை என்று மறுபடியும் எடுத்தார்கள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பூசையில் அவள் நேர்ந்துகொண்டாள்: ஈஸ்டர் வரை என் வீட்டுக்குள் கவிச்சி நுழையாது, அவரை மட்டும் விட்டுவிடு.

வீடு என்றால் பூனையும் சேர்த்துத்தானே. சீமோனுக்குப் பால்சாதம், தயிர்சாதம். முதலில் நக்கினான். பிறகு முகர்ந்துவிட்டு நகர்ந்தான். அவள் தங்கைக்கு போன் போட்டுப் பெருமையாகச் சொன்னாள்: “நம்ம சீமோனும் ஒருசந்தி இருக்கான்டி!”*

(*நோன்பு நாளில் ஒரே வேளை உண்பது ஒருசந்தி. சிரிக்காதீர்கள். கணவனின் உயிருக்காக வேண்டிக்கொண்டிருப்பவளுக்குப் பூனையின் பசியும் பக்தியாகத்தான் தெரியும்.)

வெளியே போய் ஒரு எலியையாவது பிடித்திருப்பான். வலை விடவில்லை.

3.

இந்தப் பகுதி ஒட்டுக்கேட்டது. மாற்றவில்லை.

“என்னம்மா குடுக்குறீங்க இவனுக்கு?”

“பால்சாதம், தயிர்சாதங்க டாக்டர். தவக்காலம்.”

“காதுக்குள்ள மஞ்சளா இருக்கு, பாருங்க. பூனை சைவமா இருக்க முடியாதும்மா. அதுக்கு வேண்டிய சத்து கறி மீன்லதான் இருக்கு. அதுலயும் ரெண்டு மூணு நாள் சுத்தமா பட்டினி கெடந்தா ஈரல் கெட்டுடும்.”

“மருந்து குடுத்தா சரியாயிடும்ல?”

“டிரிப்ஸ் போடுறேன். ஆனா சாப்பாடுதான் மருந்து. கோழி நெஞ்சுக்கறியை எலும்பில்லாம வெறும் தண்ணியில வேகவச்சு, கூழா அரைச்சு, சிரிஞ்சில கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை. உப்பு வேணாம். வெங்காயம், பூண்டு கிட்டவே போகக் கூடாது, பூனைக்கு அது விஷம். நாளைக்கு மறுபடி கொண்டாங்க.”

“ஈஸ்டருக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்குங்க.”

“அதுவரைக்கும் இவன் இருக்க மாட்டாம்மா.”

வெளியே வந்தவள் என் கூடையை எட்டிப் பார்த்தாள். “உங்க பூனை நல்லா சாப்பிடுதுங்களா?”

“சாப்பிடுதுங்க” என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

4.

இனி என் சரக்கு.

ஒரு பங்குச்சாமியாரைக் கூட்டி வந்தேன். “தாராளமா குடும்மா” என்றார். உடனே அவரைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அவர் அனுமதி கொடுத்தால் முடிவு அவருடையதாகிவிடும், லூர்துராணி வெறுமனே தலையாட்ட வேண்டியதுதான்.

அதனால் எதிர்வீட்டு ருக்ஸார். அவளுக்கும் நோன்பு, ரமலான் மாதம். பிரிட்ஜில் கோழி இருந்தது. லூர்துராணி சொன்னதைக் கேட்டுவிட்டுப் பாத்திரத்தை எடுத்தாள்.

“நோன்பு உங்களுக்கும் எனக்கும்தான்க்கா. அது வாயில்லா ஜீவன். இங்கயே வேகவச்சு இங்கயே குடுத்துடலாம். உங்க வீட்டுக்குள்ள எதுவும் வராது. நேர்ச்சைக்கும் பங்கமில்ல.”

இங்கே முடித்திருக்கலாம். அழகான, வசதியான முடிவு. எனக்கே பிடித்திருந்தது. லூர்துராணிக்குத்தான் பிடிக்கவில்லை. கூடைக்குள் சீமோன் தலையைத் தூக்கக்கூட இல்லை. அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“வேணாம் ருக்ஸார். ஆண்டவர்கிட்ட சந்துபொந்து தேட எனக்கு மனசு வரல. வேகவச்சு மட்டும் குடு. குடுக்குறதை என் வீட்டுலயே குடுக்குறேன். கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த ஒரு கிண்ணம்தான் காரணம் என்று காலமெல்லாம் மனசு அரிக்கும். அது அவளுக்குத் தெரியும். பயத்தில் அழுதாள். அழுதுகொண்டே உள்ளே போனாள்.

சகாயநாதன் வாசனையிலேயே புரிந்துகொண்டார். சட்டைக் காலருக்கு மேலே பிளாஸ்திரி தெரிய, தரையில் உட்கார்ந்து பூனையை மடியில் வாங்கினார்.

“நீ சிரிஞ்சை அழுத்து ராணி. தலையை நான் புடிச்சுக்கிறேன்.”

5.

டெஸ்ட் முடிவு திங்கள்கிழமை வரும். சீமோன் விழுங்கினானா, துப்பினானா? எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. பூனை பிழைத்து அவரும் பிழைத்தால் நேர்ச்சைக்கு அர்த்தமில்லை என்பீர்கள். அவர் பிழைக்காவிட்டால்...

எழுத மாட்டேன். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பூனையைப் பிழைக்க வையுங்கள், முடிந்தால் அவரையும். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், அந்தக் கிண்ணத்தின் மேல் பழி போடுகிற முடிவை மட்டும் எழுதாதீர்கள். அதை அவள் வாசலில் நின்றபோதே எழுதிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.