அடுத்த வருஷத்து மூன்றாம் தேதி

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஒரு கம்பெனியில் சபியாவுக்குப் புரூஃப் பார்க்கிற வேலை. ஆடி பிறந்துவிட்டால் அங்கே யாருக்கும் நடப்பு வருஷம் நினைவில் நிற்காது. 2006 ஆகஸ்டில் அவள் கண்முன் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் 2007-ன் தேதியும் கிழமையும்தான்.

காலண்டரில் ஒவ்வொரு நாள் தாளின் அடியிலும் போடும் பொன்மொழியைத் தேர்ந்தெடுப்பதும் அவள் பொறுப்பு. அதற்காகப் பழைய தத்துவப் புத்தகங்களைப் புரட்டப்போய், அந்தக் காலத்துக் கிரேக்க ஞானிகளிடம் வசமாகச் சிக்கிக்கொண்டாள். நம் கையில் இல்லாததற்காக மனம் குமையக்கூடாது என்பது அவர்கள் கட்சி. தினமும் பொழுது சாயும்போது நம்மை நாமே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கவேண்டும் என்பது இன்னொரு பாடம். முதல் பாடம் சபியாவுக்குச் சர்க்கரையாக இனித்தது. இரண்டாவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள். கெட்டிக்காரி.

புருஷன் மவுத்தாகி அவள் தனியானபோது, காரியாபட்டியில் தன் வீட்டோடு வந்து இருக்கச் சொன்னார் அண்ணன் சாதிக் பாட்சா. என் சோற்றை நானே சம்பாதித்துக்கொள்கிறேன் என்று சபியா சிவகாசிக்குப் பஸ் ஏறிவிட்டாள். அன்றைக்கு முறிந்த பேச்சு பல வருஷமாகியும் ஒட்டவில்லை. அண்ணனின் கோபம் என் கையில் இல்லை என்று சொல்லிக்கொண்டு, ஒற்றை அறையில் ஒரு தட்டும் ஒரு டம்ளருமாக இருந்தாள். அதற்கு மன அமைதி என்று பெயரும் வைத்திருந்தாள்.

அந்த அண்ணன்தான் கம்பெனிக்குப் போன் செய்தார். மகள் பெனாசிருக்கு வருகிற மூணாம் தேதி நிக்காஹ், வந்து சேர் என்று சொல்லிவிட்டு, மறுபேச்சுக்கு இடம் கொடுக்காமல் வைத்துவிட்டார். சபியா பின்கட்டுக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செப்டம்பர் மூன்று திங்கட்கிழமை என்று அவள் தலைக்குள் அச்சாகியிருந்தது. சீசனில் ஞாயிறும் வேலை உண்டு. ஞாயிறு முழுக்கப் புரூஃப் பார்த்தாள். திங்களுக்கு லீவு சொல்லி, பெனாசிருக்கு எடுத்த பட்டுச்சேலையோடு முதல் பஸ்ஸில் கிளம்பினாள்.

அண்ணன் வீட்டு வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வாடகைக் கடைக்காரரிடம் விசாரித்தாள். நிக்காஹ் நேற்றே முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டதாம். இந்த வருஷம் மூன்றாம் தேதி ஞாயிறு; திங்கள் என்பது அடுத்த வருஷத்துக் கணக்கு. ஊருக்கெல்லாம் தேதி அச்சடித்து அனுப்புகிறவளுக்கு இன்றைக்கு என்ன தேதி என்று தெரிந்திருக்கவில்லை.

அண்ணன் வெளியே வந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது.

"கூட்டம் கலையட்டும்னு பாத்து வந்தியாக்கும்? அத்தைக்காரி எங்கன்னு எல்லாரும் கேட்டாக. நான் என்னத்தச் சொல்ல?"

தேதி மாறிப்போச்சு என்றாள். காலண்டர் கம்பெனிக்காரி சொல்கிற சாக்கா இது என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடனே கிரேக்கர்கள் துணைக்கு வந்துவிட்டார்கள். அவர் நம்பாதது உன் கையில் இல்லை, நடையைக் கட்டு என்றார்கள். சபியாவும் நடந்தாள்.

தெருமுனைக்குப் போனபோது, தள்ளிவைத்திருந்த இரண்டாவது பாடம் நல்ல வெயிலில் குறுக்கே வந்து நின்றது. தேதி எப்படி மாறியது? கம்பெனியில் யாராவது ஒருத்தியிடம், அண்ணன் மகளுக்கு மூணாம் தேதி கல்யாணம் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால், ஞாயித்துக்கிழமையா அக்கா என்று அவள் கேட்டிருப்பாள். சபியா யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளும்படி யாரையும் பக்கத்தில் அண்டவிட்டதும் இல்லை. எவரும் வேண்டாம் என்று அவள் இருந்ததெல்லாம் பயத்தில்தான். வேண்டும் என்று கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்?

திரும்பி வந்தாள். அண்ணன் இன்னும் வாசலில்தான் நின்றார்.

"அண்ணே, கல்யாணம்னு சொல்லிச் சந்தோசப்படக்கூட அங்கன எனக்கு ஆளில்ல. சொல்லியிருந்தா யாராச்சும் திருத்தியிருப்பாக. நான் தனியாத்தான் கெடக்கேன். எனக்கு நீங்க வேணும்ணே."

இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதில்லை. உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை, கூப்பிடவும் இல்லை. சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சபியா அங்கிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. மற்ற நாற்காலிகள் எல்லாம் வண்டிக்குப் போய்விட்டன. எந்திரிங்கம்மா, லோடு கிளம்பணும் என்று கடைக்காரர் வந்து நின்றார்.

"செத்த பொறுங்க," என்றாள் சபியா. "எங்கண்ணன் வந்து கூப்புடட்டும்."