கழுதை வீட்டு ஓர்லா

பெண்கள் மட்டையால் பந்தடித்து ஆடும் கமோகியின் இறுதியாட்டம் தொடங்கும் முன்பே என் மனைவி நோரீன், மைக்கில் வர்ணனை சொல்லும் டோனலிடம் சண்டைக்குப் போய்விட்டாள்.

"இன்னிக்கு ஒருநாளாவது எம்பொண்ண வெறும் ஓர்லா க்ரோனின்னு சொல்லு. அந்த மிருகத்தை இழுத்தேன்னா, மைக்கைப் பிடுங்கி ஆத்துல போட்டுடுவேன்."

"நோரீனக்கா, நம்ம அணியில பதினஞ்சு பொண்ணுங்க. பதினோரு பேர் க்ரோனின். அதுலயும் ரெண்டு ஓர்லா. நான் என்ன பண்ண?"

அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. எங்கள் ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு க்ரோனின் தலையில்தான் விழும். அதனால் வீட்டுக்கு வீடு பட்டப்பெயர். எங்களுடையது கழுதை. என் தாத்தா குதிரை வாங்கச் சந்தைக்குப் போய், போதையில் கழுதையோடு திரும்பினார். அதை நாங்கள் இன்னும் சுமக்கிறோம். ஊர்க்கூடத்துச் சுவரில் பேர்பெற்ற க்ரோனின்களின் படங்கள் தொங்குகின்றன. பிஷப், வெள்ளை வீட்டுக்காரர். நீதிபதி தச்சன் வீடு. பாஸ்டன் போய்க் குத்துச்சண்டையில் ஜெயித்தவன் ஆலை வீடு. கழுதை வீட்டிலிருந்து ஈ காக்கா கூட இல்லை. கல்யாணமானதிலிருந்து நோரீன் அந்தச் சுவரை நிமிர்ந்து பார்த்ததில்லை, அந்தச் சொல்லை வீட்டுக்குள் விட்டதுமில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் ஓர்லாவை இடித்துத் தள்ளியதற்காக ஒரு தனி அடி கிடைத்தது. கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தால் ஒரு புள்ளிதான். வலைக்குள் போனால் மூன்று, கோப்பை நமக்கு. எதிரணி மொத்தமும் மட்டைகளோடு கோல் கோட்டை அடைத்து நின்றது. போதாக்குறைக்கு அவர்கள் ஊர்க்காரர்கள் வேலியோரம் சேர்ந்துகொண்டு கழுதை மாதிரிக் கத்தினார்கள். நோரீன் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஓர்லா பந்தை மட்டையால் தூக்கி ஓங்கி விட்டாள். பந்தை நான் பார்க்கவே இல்லை. வலை உதறியதைத்தான் பார்த்தேன்.

"கோல்! ஓர்லா... ஓர்லா க்ரோனின்!" நோரீனுக்குப் பயந்து டோனல் அதோடு நிறுத்திக்கொண்டான்.

"எந்த ஓர்லாடா?" பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

டோனல் நின்ற டிராக்டர் வண்டியில் நோரீன் எப்போது ஏறினாள் என்று எனக்குத் தெரியாது. மைக் அவள் கையில் இருந்தது.

"கழுதை வீட்டு ஓர்லாடா! கழுதை! எம்பொண்ணு!"

சொல்லிவிட்டு அவளே கழுதை மாதிரிக் கத்தினாள், ஊரே அதிரும்படி. முதலில் பதிலுக்குக் கழுதையாய்க் கத்தியது பிஷப்பின் வெள்ளை வீட்டுக்காரர்கள். நடுவரின் இறுதி விசில் யார் காதிலும் விழவில்லை. களத்தின் நடுவே ஓர்லா தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கைகளையும் நீண்ட காதுகளாகத் தலைமேல் நிமிர்த்திக்கொண்டு அம்மாவை நோக்கி ஓடிவந்தாள்.