வெள்ளிக்குப் போன பெண்

தெலுங்குப் பரீட்சையில் நான் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். மூன்றாவது முறையும் தவறினால் சித்தூர் ஆபீஸில் என் குமாஸ்தா வேலை போய்விடும் என்று தாக்கீது வந்துவிட்டது. போனால் நகரிக்குத் திரும்பி என்னைப் பெற்ற நைனாவோடு தறியில் உட்கார வேண்டியதுதான். எனக்கு ஒரு முழம் நெய்யத் தெரியாது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கே உரிய கூத்து இது. திருத்தணி அந்தப் பக்கம் மதராஸுக்கு, நகரி இந்தப் பக்கம் ஆந்திராவுக்கு என்று எல்லை முடிவாகிக்கொண்டிருந்த சமயம். சந்தையில் தெலுங்கில் பேரம் பேசுவேன், தெலுங்கில் வைவேன், ஆனால் ஒரு எழுத்து தெரியாது. பேசத் தெரிந்தவனுக்குப் படிக்கவா வராது என்ற திமிரில்தான் இரண்டு முறையும் போய் உட்கார்ந்தேன். என் மனைவி சுலோசனா அப்படியில்லை. அவளும் தமிழ் வீட்டுப் பெண்தான், ஆனால் புத்தூரில் எட்டாவது வரை தெலுங்குப் பள்ளிக்கூடம்.

ஹெட் கிளார்க் சிட்டிபாபு என் நிலைமையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஒரு தெலுங்கு வாரப் பத்திரிகையின் பழைய இதழ்கள் ஆறு கொடுத்தார். அதில் ஒரு தொடர்கதை. வெள்ளிக் கிரகத்துக்கு ராக்கெட் போகிற படம் போட்டிருந்தது.

பள்ளிக்கூட நாளில் இந்த மாதிரிக் கதை என்றால் நான் சோறு தண்ணி மறந்துவிடுவேன். வேலைக்கு வந்தபின் பத்து வருஷமாக ஒன்றைக்கூடத் தொடவில்லை. கோப்பு பார்க்கிறவனுக்குக் கிரகம் எதற்கு என்ற பெரிய மனுஷத்தனம். அந்தப் படத்தைப் பார்த்ததும் அதெல்லாம் போன இடம் தெரியவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாததால் சுலோசனாவைப் படித்துக் காட்டச் சொன்னேன்.

தினமும் சாயங்காலம் காபி ஆனதும் படிப்பாள். ஒரு விஞ்ஞானியும் அவர் மகளும் வெள்ளிக்குப் போகிறார்கள். வழியில் அப்பாவுக்குக் காய்ச்சல். மகள்தான் ராக்கெட்டை இறக்குகிறாள். கதவைத் திறந்து தனியாக வெளியே காலை வைக்கிறாள். ஒரே பனிமூட்டம். பின்னால் கதவு மூடிக்கொள்கிறது. மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம் அவளை நோக்கி வருகிறது.

அங்கே நிறுத்திவிட்டாள்.

"மேல படி."

"இனிமே நீங்களே படிச்சிக்கோங்க."

"விளையாடாத சுலோசனா! அந்த வெளிச்சம் இன்னா?"

"பரீட்ச பாஸ் பண்ணிட்டு வாங்க, தரேன்" என்று ஆறு இதழ்களையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை. கெட்டிக்காரி, என்னைப் படிக்க வைக்கத்தான் இந்தத் தந்திரம் என்று நினைத்தேன். மறுநாளே ஒன்றாம் வகுப்புத் தெலுங்குப் புத்தகம் வாங்கினேன். கடைப் பலகை, தீப்பெட்டி, எதையும் விடவில்லை. திருப்பதி பஸ்ஸின் பலகையை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிப் போய்விட்டது, நான் போக வேண்டிய பஸ். ஆபீஸில் கோப்பு விரித்தால் அந்த வெளிச்சம்தான் கண்ணுக்குள் நின்றது.

இரண்டு மாதத்தில் பரீட்சை. தேறினேன். வேலை நிலைத்தது. சிட்டிபாபு கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வீட்டுக்கு ஓடிவந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சாவியைக் கேட்டேன். சுலோசனாவுக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் சாவியைத் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள்.

வெளிச்சம் கடைசியில்தானே தெரியும் என்று ஆறாவது இதழைப் பிரித்தேன். வெள்ளியில் நான்கு ஆண்கள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்ணைக் காணோம். ஐந்து, நான்கு, மூன்று என்று பின்னாலேயே போனேன். எதிலும் இல்லை. இரண்டாவது இதழில் அகப்பட்டாள். ராக்கெட் கிளம்புமுன் அப்பாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் அவள் கதை. அந்த அச்சுத் தெலுங்கும் கரடுமுரடாக இருந்தது. சுலோசனா படித்ததோ சந்தையில் நாங்கள் பேசுகிற தெலுங்கு. அச்சில் அப்படி எழுதமாட்டார்கள் என்பது காதால் மட்டும் கேட்டவனுக்கு எப்படி உறைக்கும்?

"இன்னா இது?" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"அவ்ளோ படிச்ச பொண்ண வாசல்லயே நிக்க வச்சிட்டுப் போய்ட்டானுங்க. எனக்கு மனசு கேக்கல. நானே ஏத்தி அனுப்பிட்டேன்."

"அப்ப ரெண்டு மாசமா என்ன ஏமாத்திக்கினு இருந்தியா? படிக்க வக்கத்தான் நீ பூட்டினன்னு நெனச்சேன்!"

"இல்லங்க" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. "அந்த வெளிச்சம் இன்னான்னு எனக்கும் தெரியல. அதான் நிறுத்திட்டேன். ரெண்டு மாசமா யோசிச்சிக்கினுதான் இருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று அரித்தது. பத்திரிகைகளைத் தள்ளி வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"கிட்ட வந்துச்சா, இல்ல அங்கியே நின்னுடுச்சா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நின்னுடுச்சு" என்றாள். "அவளப் பாத்து பயந்துக்கினு."